ஏரிக்குள் போன தூண்டில்

கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்தள்ளிய ஞாயிற்றுக்கு மறுநாள் மாலை. கிரான்பர்ன் ரயிலில் என் எதிர் இருக்கைகளில் கனடா போய்த் திரும்பிய ஒரு கணவனும் மனைவியும், அவர்களுடைய சிநேகிதியும் இருந்தார்கள்.

“மீன் தானாத் தேடி வந்தது. இவர் பயத்தில தூண்டில் தடியை ஏரிக்குள்ள விட்டிட்டார்,” என்றார் மனைவி.

“என்ன மீன், அக்கா?”

“மஸ்கியாம். ஒரு மீற்றர் நீளம், வாய் நிறையப் பல்லு. அங்க இருக்கிற என்ர அண்ணா பத்து வருசமா அந்த ஏரிக்குப் போறார், ஒண்டும் மாட்டேல்லை. இவர் போன முதல்நாளே அது தூண்டிலுக்குப் பின்னால படகடி வரைக்கும் வந்திட்டுது.”

“தடி ஆரின்ரை?”

“அண்ணாவின்ரைதான். அதுக்குப் பிறகு அவர் இவரோட கதைக்கேல்லை. எயார்போர்ட்டுக்கும் அண்ணிதான் கொண்டுவந்து விட்டவ. டிசம்பருக்கு எங்கட வீட்டை வாறனெண்டவர், இனி வருவாரோ தெரியாது.”

கணவர் யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: “அது என்னை நேராப் பார்த்தது.”

“பார்க்கும். அதுவும் இப்பிடி ஒரு மனுசனை முதல்முதலாக் கண்டிருக்கும்.”

மனைவியின் கைப்பேசி அதிர்ந்தது. வாசித்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

“அண்ணா வாறாராம். கடலுக்கு மீன் பிடிக்கப் போனா உங்களைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாமாம்.”