ஓம் எண்டால் எது ஓம்?

இல்லைத் தம்பி, உப்பிடிச் சொல்லப்படாது. வாகனத்தின்ர பின்பக்கத்தால சத்தம் ஒண்டும் கேக்கிறேல்லையோ எண்டு நான் கேட்டன். நீங்கள் ஆமா எண்டுறீங்கள். ஆமா கேக்குதோ, ஆமா கேக்கேல்லையோ? சிரிக்காதேங்கோ. என்ர கராஜுக்கை வாற எல்லாருக்கும் ஒரு சட்டம்தான். வெறும் ஓம் இல்லை, வெறும் ஆமா இல்லை. முழு வசனமாச் சொல்லோணும்.

சத்தம் கேக்கேல்லை. சரி, அப்பிடிச் சொல்லுங்கோ. சத்தம் வராட்டிலும் உங்கட சொக் அப்சோபர் போயிட்டுது. உந்த மூலையைக் கையால நல்லா அமத்திப்போட்டு விடுங்கோ. ஒண்டு, ரெண்டு, மூண்டு... இன்னும் ஆடுது. நல்லதெண்டால் ஒருக்கா எழும்பி நிண்டிடும். குனிஞ்சு பாருங்கோ, எண்ணெய் கசிஞ்சு புழுதி ஒட்டிக் கிடக்கு. உதோட, ரோட்டில ஓடலாமெண்டு குடுக்கிற வோரண்ட் எடுக்கப் போயிருந்தீங்களெண்டால் வாசலிலயே திருப்பி விட்டிருப்பாங்கள்.

கசியிற ஒண்டை மட்டும் மாத்தவோ? ஐயோ, வேண்டாம். ஒரு கால் புதுச் செருப்பும் மற்றக் கால் தேஞ்ச செருப்புமாப் போட்டுக்கொண்டு நடப்பீங்களே? சோடியாத்தான் மாத்தோணும். அதுவும் உது நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற வாகனம். ஒரு சில்லு துள்ளித் துள்ளி ஓடினா அந்த ரயர் கண்டபாட்டுக்குத் தேயும். நாலு ரயரும் நாலு அளவாப் போச்செண்டால் பிறகு கியர்பொக்ஸ் தேடி என்னட்டத்தான் வருவீங்கள். மீற்றரில கிடக்கிற கணக்கை நம்பாதேங்கோ. யப்பானால வந்து இறங்கமுன்னம் ஆரார் அதைத் திருப்பினாங்களோ.

ஆர், உங்கட வேலையிடத்தில ஒருத்தன் சொன்னவனோ? உடைச்ச காரில கழட்டின சொக் போதுமாமோ? அவன்ர காருக்குப் போடச் சொல்லுங்கோ. அந்தச் சிவப்புநிற ஸ்போர்ட்ஸ் சாமானும் வேண்டாம், அது கல்லு மாதிரி. உங்கட மனிசி சிந்து கிளென்ஃபீல்டால கைக்குழந்தையோட பாலம் தாண்டி வாறவ எல்லோ. கொம்பனியில வரேக்கை இருந்த அதே வகை போதும். பின்சோடி என்ர ராக்கைத் தட்டில கிடக்கு, இப்பவே போடுவம். முன்சோடி வாற சனிக்கிழமை.

அவனோ? இப்ப உள்ளுக்கை போனவன் கிளைவ். என்ர மனிசி லூசியாவின்ர தம்பி. ஓம், கால் ஒண்டு பொய்க்கால்தான். சொல்லுறன். முதல் உந்தச் சில்லைப் பிடியுங்கோ.

முந்தி நான் மனுரேவாவில ஒரு வேலைத்தலத்தில எட்டு வருசம் நிண்டனான். என்ர பேர் யேசுராசா. அங்கத்தை மேலாள், போர்மன், முதல் நாளே சொல்லிப்போட்டான், ஜீசஸ் எண்டு கூப்பிட்டு எண்ணெய் மாத்தச் சொல்ல ஏலாதாம். சுருக்கி யெஸ் எண்டு பேர் வைச்சான். ஏனெண்டால் எது கேட்டாலும் நான் யெஸ் தானே. நீ இன்னும் சாப்பிடேல்லையோ எண்டு கேப்பான். யெஸ் எண்டுவன். அவன் நான் சாப்பிட்டிட்டன் எண்டு நினைப்பான், நான் பசியோட நிப்பன். நாங்கள் ஓம், சாப்பிடேல்லை எண்டுதானே சொல்லுவம்? நீங்களும் ஆமா, சாப்பிடலை எண்டுதானே? இங்கிலீசில அதுக்கு நோ சொல்லோணுமாம்.

அது போதும் அங்க நிண்ட மற்ற வேலைக்காரருக்கு. தேத்தண்ணி நேரத்தில சுத்தி நிண்டு கேப்பாங்கள். யெஸ், உனக்கு மனிசி இல்லையோ? யெஸ், உனக்கு மூளை இல்லையோ? யாழ்ப்பாணத்தில பஸ் டிப்போவில நான் கையெழுத்து வைக்காமல் ஒரு பஸ் வெளிக்கிடாது, தம்பி. இஞ்ச வந்து நாப்பத்தெட்டு வயசில பகிடிப் பொம்மை. கொதி வரும். விழுங்கிப்போட்டு நிப்பன்.

ம், வலதுபக்கம் முடிஞ்சுது. அந்தப் பெரிய ஸ்பனரைத் தாங்கோ.

போன வருசம் கிளைவ் தன்ர வாகனத்தை அங்க கொண்டந்தான். உதே மாதிரி நாலு சில்லும் இழுக்கிறது. மன்னாரால வந்து ஆறு மாசம். அத்தான் நிக்கிற இடம் எண்டு நம்பித்தான் வந்தவன். பின்சோடியை நான்தான் மாத்தினன். இடதுபக்கம் கீழ, உந்தா உதில, ரெண்டு போல்ட். கையால முறுக்கி விட்டிருந்தன், இறுக்கேல்லை. போர்மன் வந்தான். இடதுபக்கம் இன்னும் இறுக்கேல்லையோ, யெஸ்? நான் சொன்னன், யெஸ்.

கை கழுவப் போனன். வந்து பாத்தா வாகனத்தைக் காணேல்லை. போர்மன் கிளைவிட்டச் சாவி குடுத்து அனுப்பிப்போட்டான். ஓடினன், தம்பி. கேற்றடி வரைக்கும் கத்திக்கொண்டு ஓடினன். மோட்டர்வேயில போல்ட் கழண்டு, சில்லு சரிஞ்சு, தூணில போய் அடிச்சுது. அவன்ர காலை முழங்காலுக்குக் கீழ எடுத்துப்போட்டாங்கள்.

விசாரணை வைச்சவங்கள். கதையை மொழிபெயர்க்கச் சுதர்ஷிகா எண்டொரு பிள்ளை வந்தவ, எங்கட ஆக்கள் ஓம் சொல்லுற விதத்தை வடிவா விளங்கப்படுத்தினா. பாஷை விளங்காமல் வந்த பிழை எண்டு எழுதி மூடினாங்கள். லூசியா இண்டைக்கும் மாதா கோயிலால வந்தா அந்தப் போர்மனைத்தான் திட்டுறா. கிளைவும் அப்பிடித்தான். பாவம், அத்தான்ர இங்கிலீசு அவ்வளவுதான், அவரை ஒருத்தரும் ஒண்டும் சொல்லப்படாது எண்டு எனக்காகச் சண்டை பிடிக்கிறான்.

நீங்கள் எங்கட கோயில் ஆக்களில்லை, அதால சொல்லுறன். எட்டு வருசம், தம்பி. ரெண்டாம் வருசமே எனக்கு யெஸ் எது நோ எது எண்டு நல்லாத் தெரியும். என்ர மகள் றோஷினி வீட்டில இங்கிலீசு மட்டும்தான் கதைக்கிறவள். அண்டைக்குப் போர்மன் கேக்கேக்கை நோ எண்டுதான் வாயில வந்தது. பின்னால நாலு பேர் நிண்டாங்கள். சரியாச் சொன்னா, யெஸ் நோ பழகிட்டான் எண்டு கை தட்டுவாங்கள். பிழையாச் சொன்னா சிரிப்பாங்கள். வேலை முடிஞ்ச வாகனத்தை வழமையா முதல் போர்மன்தான் ஓட்டிப் பாப்பான். இந்தா சிரியடா, வாகனத்தை நீ வெளிய எடுக்கேக்கை அது கடகட எண்டு ஆட, முழிச்சுக்கொண்டு நில் எண்டு நினைச்சன். யெஸ் எண்டு சொன்னன். தெரிஞ்சுதான் சொன்னனான்.

ஸ்பனரைப் பிடியுங்கோ. இது இடதுபக்கம், கீழ ரெண்டு போல்ட். நான் இறுக்கிட்டன், நீங்களும் ஒருக்கா அழுத்திப் பாருங்கோ. ஒண்டும் பேசாதேங்கோ இப்ப, அவன் தேத்தண்ணி கொண்டு வாறான்.

என்னடா கிளைவ்? இடதுபக்கம் இன்னும் இறுக்கேல்லையோவோ? ஓம்... இல்லையடா, இறுக்கிட்டன். இடதுபக்க ரெண்டு போல்ட்டையும் நான் இறுக்கிட்டனடா.