நீட்டிய கைகள்

உயரத்திலிருந்து இறங்கும் பந்தைப் பிடிக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். பந்தை எதிர்த்துக் கைகளை நீட்டுகிறார்கள். அவ்வாறு செய்யக் கூடாது. இரு கைகளையும் கிண்ணம்போல் சேர்த்து வைத்துக் காத்திருக்க வேண்டும். பந்து உள்ளங்கையைத் தொடும் கணத்தில் அவை அதனோடு சேர்ந்து மார்பை நோக்கிப் பின்வாங்க வேண்டும். இறுகிய கையில் கிரிக்கெட் பந்து நிற்காது.

இதை என் தம்பி பொன்னுதுரைக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். எங்கள் தந்தை வெள்ளைக்காரர்களின் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர். அவர் இழுக்கும் உருளைக்குப் பின்னால் நின்று நான் ஆட்டத்தைப் பார்த்துப் பழகினேன். பெண் என்பதால் என்னை எவரும் ஆட அழைக்கவில்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தம்பி ஆடியபோதெல்லாம் நான்தான் ஆடினேன்.

போரில் ஜப்பானியர் ஊரைப் பிடித்தபின் ஆட்டம் நின்றது; பயிற்சி நிற்கவில்லை. பெற்றோர் காலமாகிவிட்டதால் காஜா பேராங் பகுதியிலிருந்த வீட்டில் நாங்கள் இருவரே இருந்தோம். கொல்லையில் மரவள்ளி நட்டது போக எஞ்சிய இடத்தில் மாலைதோறும் நான் பந்தை எறிவேன், அவன் பிடிப்பான். தவறவிட்டால் “மறுபடியும்” என்பேன். வேறு சொல் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

பிறகு பக்கத்து வீட்டுக்குக் கமலவேணி குடிவந்தாள். ஜாலான் பெண்டஹாரா தெருவில் கடையை இழந்த துணி வியாபாரி ஒருவரின் மகள். முதலில் வேலிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்த்தாள். பிறகு உள்ளே வந்து பந்தை எடுத்தாள். அவள் எறிவதில் ஒழுங்கே இல்லை. ஒன்று தலைக்கு மேலே போகும். அடுத்தது கோழிக்கூண்டின்மேல் விழும். அவன் எல்லாவற்றையும் ஓடிப் பிடித்தான், புரண்டு பிடித்தான், சிரித்துக்கொண்டே பிடித்தான். என் பந்தைப் பிடிக்கும்போது அவன் சிரித்ததில்லை.

“அக்கா, நீங்க உக்காருங்க லா. கமலா போடட்டும். அவ பந்து எங்க வரும்னு அவளுக்கே தெரியாது. அதான் நல்ல பழக்கம்,” என்றான்.

பயிற்சி முறையில் அது சரியே. மறுக்க வழியில்லாமல் உட்கார்ந்தேன்.

சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. போனவர்களிடமிருந்து செய்தி எதுவும் வருவதில்லை. அப்போது ராணுவக் கிடங்கின் அதிகாரி ஒருவர், பேஸ்பால் பிரியர், தம் குழுவுக்குப் பந்து பிடிக்க உள்ளூர் இளைஞன் ஒருவனைத் தேடினார். தேறுபவனுக்குக் கிடங்கிலேயே வேலை, சயாமுக்கு அனுப்பமாட்டார்கள். வேலை கிடைத்ததும் கமலவேணியை மணந்து சற்றுத் தள்ளியிருந்த செமாபோக்கில் தனிக்குடித்தனம் போகப்போவதாகத் தம்பி சாப்பிடும்போது சொன்னான். நல்லது என்று சொல்லி, அவன் தட்டில் இன்னும் ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கை வைத்தேன்.

தேர்வுக்கு முந்திய மாலை அவனைக் கொல்லைக்கு அழைத்தேன்.

“ஜப்பான்காரனுக்கு விறைப்புதான் பிடிக்கும். கைய பின்னால இழுத்தா பயந்தவன்னு நெனப்பான். நீட்டி, எதிர்த்துப் பிடி,” என்றேன்.

தெருமுனைக் காவலாளியின் முன் நாங்கள் எல்லோரும் விறைத்து நின்று வணங்கிய நாட்கள் அவை. அவன் நம்பியதில் வியப்பில்லை. இறுகிய கையிலும் நிற்கும் அளவுக்கு அன்று நான் பந்தை மெல்ல எறிந்தேன்.

வேலியோரம் நின்ற கமலவேணி, “என்னங்க, மரக்கட்ட மாதிரி நிக்கிறீங்க? எப்பவும் போலப் பிடிங்க. புதுசா எதுவும் வேணாம்,” என்றாள்.

அவன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான்.

“அக்காவுக்குத் தெரியும் கமலா,” என்றான்.

மறுநாள் அந்த அதிகாரி பந்தை வானுயர அடித்தார். பொன்னுதுரை ஒவ்வொன்றுக்கும் சரியான இடத்துக்கு ஓடி, அதன் நேர்கீழே போய் நின்றான். அந்த ஓட்டம் அவ்வளவு அழகு. பிறகு கைகளை நீட்டினான். முதல் பந்து தெறித்தது. அடுத்ததும் தெறித்தது, அவன் விரல் ஒன்று பிசகியது. அங்சானா மரத்தடியில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்படியே செய் என்று தலையசைத்தேன். மீண்டும் நீட்டினான்.

அந்த வாரமே லாரி வந்தது. வீங்கிய கையோடு ஏறினான். திரும்பி வரவில்லை.

கமலவேணி வேறெவரையும் மணக்கவில்லை. இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. இன்றும் வெள்ளிக்கிழமைகளில் என்னைப் பார்க்க வருகிறாள். நான் அறியாமல் தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டதாக அவள் எண்ணுகிறாள். போன வாரம் என் கையைப் பற்றி, “உங்களுக்கு என்னக்கா தெரியும், பாவம்,” என்று என்னை மன்னிக்கவும் செய்தாள். அந்த ஒன்றைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். பந்து பிடிப்பதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இறுகிய கையில் பந்து நிற்காது என்றும், நின்றால் அவன் அவளுடன் போய்விடுவான் என்றும், நிற்காவிட்டால் எங்கே போவான் என்றும் தெரிந்தே சொன்னேன்.

அவளும் அன்று அவனுக்கு ஒரு வழி சொன்னாள். அதுவே சரியான வழி. ஆனால் அவன் கேட்டது என் பேச்சை.