ஐந்து மாடி ஏறும் கொசு

தேநீருக்கு நன்றி, டைரக்டர் சார். சர்க்கரை அரைக் கரண்டி போதும். அதை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

பதினொரு வருடமாக இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் கொசு வளர்க்கிறேன். கூண்டு கழுவுவது, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வலைமேல் வைப்பது என் வேலை. கொசு ரத்தத்தில்தான் வாழ்கிறது என்று ஊரே நினைக்கிறது. ரத்தம் பெண் கொசு முட்டையிடத்தான். ஆண் கொசு அதைத் தொடுவதே இல்லை. இரண்டும் பறப்பது சர்க்கரையால். பூவில் குடித்ததைப் பறக்கும்போது எரிக்கும். மிஞ்சியதைக் கொழுப்பாக்கி உடம்பில் வைத்துக்கொண்டு, ஒன்றும் கிடைக்காத நாளில் அதைக் கரைத்து வாழும். இதெல்லாம் இந்தக் கூடத்தில் ஆராய்ச்சி செய்யும் மேடம் சொல்லித்தந்தது. தங்கமான மனுஷி.

அவருடைய மூன்று வருட ஆராய்ச்சியே அதுதான். ஒரு கூண்டுக்குச் சர்க்கரை, இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர். வாரத்துக்கு ஒரு நாள் இரண்டிலும் சிலவற்றை எடுத்து நசுக்கிக் கொழுப்பை அளப்பார்.

இனி என் சகலை. மனைவியின் அக்காள் புருஷன். ஒரே கட்டடத்தில் நாங்கள் தரைத்தளம், அவர் ஐந்தாவது மாடி. அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஞாயிறுதோறும் என் மனைவி கையைச் சொறிந்துகொண்டு அங்கே உட்கார்ந்திருப்பாள். அவர் ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, "கொசு அஞ்சு மாடி ஏறாது தம்பி. அதுக்கு அவ்வளவு தெம்பு ஏது?" என்பார். நாலு வருடமாக அதே வாக்கியம். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மேடத்திடம் கேட்டேன். "வயிறு நிறைய சர்க்கரை குடிச்சிருந்தா நல்லாவே பறக்கும். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான் மேடம்."

அளக்கும் நாள் காலையில், அவர் வருமுன், சர்க்கரைக் கூண்டிலிருந்த பெண் கொசுக்களில் நூறை வலை கட்டிய டிபன் பாக்ஸில் பிடித்தேன். எண்ணிக்கை குறையக் கூடாதே என்று பட்டினிக் கூண்டிலிருந்து நூறை அங்கே மாற்றினேன். பட்டினியில் குறைந்தவை செத்தவை என்று குறித்தேன். நம்பும்படியாகத்தான் இருந்தது.

நேரே சகலை வீட்டில் திறந்துவிட்டிருக்கலாமே என்கிறீர்கள். அது அநியாயம். ஏறாது என்பதுதானே அவர் பேச்சு. அதனால் மாடிப்படியின் அடியில், என் வாசல் பக்கத்தில் திறந்தேன்.

அவை என் வீட்டுக்குள் போயின. தெம்பு போதவில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரம் சர்க்கரைத் தண்ணீரைக் கெட்டியாக்கி இருநூறு கொண்டுபோனேன். இப்படி எட்டு வாரம். மூன்றாவது வாரமே என் மனைவி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஏறிவிட்டாள். மேடம் சர்க்கரைக் கூண்டில் கொழுப்பைத் தேடித் தேடிக் காணாமல், தன் ஆராய்ச்சியே தப்பு என்று ராஜினாமா எழுதிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பேனாவை எனக்குக் கொடுத்தார். "நீங்க ஒருத்தர்தான் இங்க வேலையச் சரியாச் செஞ்சீங்க." எனக்கு மனம் கனத்துப்போனது. அன்றைக்கு முந்நூறு எடுத்துப்போனேன்.

நேற்று மாலை சகலை இறங்கி வந்தார். கன்னத்தில் ஒரு தடிப்பு. "ஏறிடுச்சு தம்பி," என்றார். அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இருந்ததில்லை.

ஆகவே மேடத்தின் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் சொன்னது சரி. அத்தாட்சி என் சகலையின் கன்னத்தில் இருக்கிறது. குழந்தைகளின் துணியைக் கொடுக்க நான் மேலே போனபோது, என் சட்டையில் ஒட்டிக்கொண்டு லிஃப்டில் வந்திருக்கும் என்று மனைவி சொல்கிறாள். அவளுக்குக் கொசுவைப் பற்றி என்ன தெரியும்? நான் வளர்த்த கொசு லிஃப்டில் ஏறாது.