கம்பிகளுக்கு நடுவே தலைவர்

இந்த மேடையின் நடுநாயகமாக, இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு இடையே, அசையவும் வழியின்றி வீற்றிருக்கும் விழாத் தலைவர், பெரிய மருத்துவமனையின் நிர்வாக இயக்குநர் அவர்களே! இடப்பக்கக் கம்பிக்கு அப்பால் தம் இடுப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நகைக்கடை அதிபர் அவர்களே! வலப்பக்கக் கம்பியோடு வழக்காடிக்கொண்டிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே! கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாக்கியசாலிகளாய்ப் பரந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நாற்காலி வடிவமைப்புக்காகப் பெரும் பரிசு பெற்ற என் அக்கா மகளைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். அதோ, முன்வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். முறைக்கட்டும். அவளுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமா? என் முதுகை அவள் அளந்த அளவுக்கு நிலத்தை அளந்திருந்தால், இரண்டு நாடுகளின் எல்லைத் தகராறே தீர்ந்திருக்கும்.

அவளுடைய முதல் படைப்பை உலகம் அறியாது. அவளைப் பெற்ற என் அத்தான் அறிவார். அமர்ந்தார். எழுந்தார். அவரோடு நாற்காலியும் எழுந்தது. வாசல் வரை வந்து வழியனுப்பியது. தெருவே சிரித்தது. இவள் சிரிக்கவில்லை. "உக்கார்றது யார் வேணா உக்காந்துடலாம் மாமா. எழுந்திருக்கிறப்பதான் நாற்காலியோட லட்சணம் தெரியும்" என்றாள். அன்று முதல் கல்யாண வீட்டில் எல்லோரும் மணமக்களைப் பார்த்தால், இவள் எழுந்திருப்பவர்களின் முழங்காலைப் பார்ப்பாள். குனிந்த தலை நிமிரவில்லையே, என்ன அடக்கம் என்று நாலு பேர் சம்பந்தம் பேச வந்துவிட்டார்கள்.

அந்தக் கண்ணோடுதான் நம் தலைவரின் மருத்துவமனைக்குப் போனாள். காத்திருப்போர் கூடத்துக்குப் பெஞ்சு வேண்டுமென்று அழைத்தவர் தலைவரேதான். இவள் பட்டறையே அந்த வேலையை நம்பி நிற்கிறது. கூடத்திலேயே நாள் கணக்கில் உட்கார்ந்து பார்த்தாள். கணவனை அறுவை சிகிச்சைக்கு உள்ளே அனுப்பிய ஒருத்தி, தூங்கிவிட்ட பிள்ளையைப் பெஞ்சில் நீட்டிப் படுக்க வைத்துவிட்டு, அதன் காலடியில் ஒடுங்கியிருந்தாள். அதைப் பார்த்து வந்து, நீளமாய், வழவழப்பாய் ஒரு பெஞ்சு வரைந்தாள்.

நிர்வாகம் என்ன சொன்னது? ஆளுக்கு ஆள் நடுவே கம்பி வேண்டும், எவரும் படுக்கக் கூடாது என்றது.

"பெஞ்சுல படுக்க முடியலன்னா தரையில படுப்பாங்க சார்" என்றாள் என் மருமகள்.

"தரையில படுத்தா எழுப்பி விட்டுடலாம்மா. பெஞ்சுல படுத்தா பாக்க நல்லா இல்ல" என்றார் தலைவர்.

என்ன அழகுணர்ச்சி! நோயாளி பிழைக்கிறாரோ இல்லையோ, கூடம் பார்க்க நன்றாயிருக்க வேண்டுமல்லவா? கம்பி போட மாட்டேன் என்று இவள் திரும்பிவிட்டாள். அவர்கள் வேறொரு பட்டறையில், கம்பி வைத்து மாதிரிக்கு ஒரு பெஞ்சு செய்து வாங்கிவிட்டார்கள். எதைப் போடுவது என்ற முடிவு இன்னும் தலைவர் கையில். அந்த மாதிரிப் பெஞ்சைத்தான், வரவேற்புக் குழுவின் பொறுப்பாளனாகிய நான், கேட்டு வாங்கி வந்து இந்த மேடையில் போட்டிருக்கிறேன். இயக்குநருக்கே ஆசனம் என்றதும் மறுப்பார்களா?

யாரது பின்னால், தலைவர் ஏன் நெளிகிறார் என்று கேட்பது? அடக்கத்தால் அல்ல ஐயா, விலா எலும்பால்.

ஒன்று கேட்கிறேன். காத்திருப்பவர் களைத்தால் குற்றமா? களைத்தவர் சாய்ந்தால் குற்றமா? சாய்ந்தவர் கண்ணயர்ந்தால் குற்றமா? உள்ளே ஓர் உயிர் ஊசலாட, வெளியே ஓர் உடம்பு ஒடிந்து விழ, அந்த உடம்புக்கும் ஓர் இடம் கொடுக்காத கூடம் என்ன கூடம்?

தலைவர் அவர்களே, நாற்காலியின் வரலாற்றை இனிமேல்தான் தொடங்கப் போகிறேன். ஆதிமனிதன் பாறையில் அமர்ந்தான்... என்ன சொல்கிறீர்கள்? கம்பியை எடுக்க வேண்டுமா? இந்தப் பெஞ்சிலா, மருத்துவமனையிலா? "பாக்கலாம்" என்கிறார். நல்லது. அப்படியானால் ஆதிமனிதனுக்கும் முந்தைய குரங்கிலிருந்து தொடங்குகிறேன். குரங்குக்கு வால் உண்டு. அந்த வால் தேய்ந்த வரலாறு நீண்டது, நெடியது...

தலைவர் கையை உயர்த்துகிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"கம்பி வேணாம். அந்தப் பொண்ணு வரைஞ்ச பெஞ்சையே போட்டுடலாம்."

கேட்டீர்களா பெரியோர்களே? கேட்டீர்களா தாய்மார்களே? இந்தக் கைதட்டல் தலைவருக்கே சேரட்டும். குரங்கை மரத்திலேயே விட்டுவிட்டு இறங்குகிறேன். இத்தனை நேரம் பொறுத்த உங்கள் காதுகளுக்கும், தலைவரின் முதுகுக்கும் என் நன்றி. பலசாலிகள் இரண்டு பேர் மேலே வந்து அவரை எழுப்பி விடுங்கள். வணக்கம்.