லகாட் பஸ்ஸில் பசியாறிய பிள்ளை

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன்.

லகாட் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். மருமகள் மடியில் வயிற்றுப்போக்கில் வாடிய கைக்குழந்தை.

“தாய்ப்பால நிறுத்துலா. பால் ஊத்தாத கோப்பி ஓ குடு, வயிறு கட்டிக்கும். ஒம் புருசன் அதுல வளந்தவன்தான்” என்றார் மாமியார்.

“அதான் அவரு இன்னும் ராத்திரில தூங்காம கைப்போன நோண்டுறாரா, அத்தை? பால நிறுத்தவே கூடாதுன்னு கிளினிக் நர்சு மிசி சொன்னாங்க. பாக்கெட் உப்பு மருந்தும் கரைச்சுக் குடுக்கணுமாம்.”

பிள்ளை சிணுங்கியது. மருமகள் மார்போடு அணைத்துக்கொண்டாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளை குடிக்கும் சத்தம் கேட்டதும் தன் முந்தானையால் இருவரையும் மறைத்தார்.

“குடிக்கிறான்லா. மெதுவா, மெதுவா.”

நானும் பாலை நிறுத்திக் கோப்பி ஓ கொடுத்தவள்தான்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதிய இதைப் படித்துக் காட்டு. அந்தக் கோப்பி வரியை மட்டும் அதைக் குடித்து வளர்ந்த உன் அம்மா காதில் விழாமல் படி.