இறங்கிய தோள்

முப்பத்தாறு மணி நேரம். ஒரே ஆளைப் பார்த்து ஒரே பென்சில் படம் வரைய அது அதிகமில்லை. தினம் மூன்று மணி நேரம், பன்னிரண்டு நாள், ஒரே நிலை. என் படத்தில் பொய்யான கோடு ஒன்றுகூடக் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாடலாக நின்றவரை ஓவிய வகுப்பில் நாங்கள் ‘கம்பம்’ என்போம். அசையவே மாட்டார். இடைவேளைக்கு இறங்கிப் போனாலும், பாதத்தைச் சுற்றிப் போட்ட சாக்பீஸ் கோட்டுக்குள் இம்மி பிசகாமல் வந்து நிற்பார்.

ஏழாம் நாள் அவருடைய இடது தோள் இறங்கியிருந்தது. கையை நீட்டி, பென்சிலில் கட்டைவிரலை வைத்து மூன்று முறை அளந்தேன். பாதங்கள் கோட்டுக்குள்தான் இருந்தன. பழைய தோளை அழித்துவிட்டுப் பார்த்ததை வரைந்தேன்.

மாஸ்டர் என் பலகை முன் நின்றார்.

“ஏம்மா, கண்ணை எங்க அடகு வச்சுட்டு வந்தே? ஒரு வாரத்துல ஒருத்தருக்குத் தோள் இறங்கிடுமா?”

“அளந்தேன் சார்.”

“சயின்ஸ் படிச்ச பொண்ணுல்ல, புத்தகத்துல அளந்திருப்பே.”

வகுப்பே சிரித்தது. அவர் ரப்பரை எடுத்து என் கோட்டை அழித்தார். மேடையில் நின்றபடி கம்பமும் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

எனக்குச் சண்டை போட வராது. கோபம் வந்தால் பென்சில் சீவுவேன். அன்று ஒரு முழுப் பென்சிலைச் சீவித் தீர்த்தேன். பிறகு தோளை மறுபடி இறக்கினேன். தினமும் அளந்தேன். தினமும் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

பன்னிரண்டாம் நாள் கடைசி மணியில் அவர் மேடையிலிருந்து சரிந்தார். மண்டைக்குள் பல நாளாக ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். மறுநாள் இறந்துபோனார்.

மாஸ்டர் என் படத்தை எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்தார். “நீ வரைஞ்சதுதாம்மா சரி. எங்க யாருக்கும் கண்ணே இல்ல” என்று அழுதார். எனக்கு அது போதுமாக இருந்தது.

உங்களுக்குப் போதவில்லை, இன்ஸ்பெக்டர். எட்டாம் நாள் இடைவேளையில் கம்பமும் நானும் என்ன பேசினோம் என்று கேட்கிறீர்கள்.

“போன வாரம் படியில தலையை இடிச்சுக்கிட்டேன், தங்கச்சி. வலி நிக்கவே மாட்டேங்குது. இடது கை மரத்துப்போகுது. நீ படிச்ச பொண்ணு, சொல்லு. டாக்டரைப் பாக்கணுமா?”

மூன்று வருடம் உடலியல் படித்தவள் நான். அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. படம் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது.

“ஒண்ணுமில்லண்ணா, தூக்கம் பத்தல” என்றேன். “நாளைக்கும் வந்து நில்லுங்க.”