மைக்கில் சொன்ன பெயர்

“கீழே போ! கீழே! சன்னல் பக்கம் நிக்காதே!”

போனில் என் மகள் ஜெபா, கூட இருப்பவனிடம் கத்துகிறாள். விசில் போல ஒரு நீண்ட சத்தம். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு இடி. எங்கள் சமையலறை மேசையில் போன் அதிர்கிறது. ஞாயிற்றுக்கிழமை. பாறசாலையில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் ஆராதனைக்கு இரண்டாம் மணி அடிக்கிறது. ஜெபா இருக்கும் நாட்டில் இன்னும் விடியவில்லை.

மூச்சு கேட்கிறது. இருக்கிறாள்.

அவள் அந்த நாட்டுக்கு மருத்துவம் படிக்கப் போனவள். பக்கத்து வீட்டுச் சரளாவின் மகன் அனந்துவும் அதே கல்லூரி. போர் தொடங்கியதிலிருந்து இருவரும் விடுதியின் நிலவறையில்; சிக்னலுக்காக மட்டும் மேலே வருவார்கள். மின்சாரம் இல்லை. அவன் போன் உடைந்துவிட்டது. இருவருக்கும் ஜெபாவின் போன்தான். அதனால் சரளாவும் என் சமையலறையில்தான் இருந்தாள். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். அவள் வீட்டில் விளக்கேற்றுகிறவள். அந்த நாட்களில் இருவருக்கும் ஒரே பயம்.

அன்று மாலை எங்கள் சபைப் பெண்கள் சங்கிலி ஜெபம் தொடங்கினார்கள். ஒருத்தி முடித்ததும் அடுத்தவள் தன் வீட்டில் ஜெபிக்க வேண்டும். அதுதான் முறை. பிள்ளை கேட்கட்டும் என்று ஒவ்வொருத்தியும் ஜெபாவையே அழைத்து, போனிலேயே ஜெபித்தார்கள். மேரியின் ஜெபம்தான் ஆக நீளம். அன்பு. வேறொன்றுமில்லை.

“அம்மா, யாரும் விளிக்க வேண்டாம்னு சொல்லு! சார்ஜ் தீரப்போவுது!”

பின்னால் அனந்துவின் சிரிப்பு. “ஆன்ட்டி, மேரி ஆன்ட்டிக்க ஜெபம் முடியதுக்கு முன்ன சண்டை முடிஞ்சிரும்!”

சரளாவும் சிரித்துவிட்டாள். “எலே, சும்மா கெட. வல்லதும் தின்னியா?”

ஏதாவது சாப்பிட்டானா என்று தெரியவில்லை. போன் அணைந்துவிட்டது.

திங்கள். செவ்வாய். அழைத்தால் அதே பதிவுக் குரல். எனக்கு ஜெபம் வரவில்லை. ‘என் பிள்ளை’ என்று தொடங்குவேன். பக்கத்தில் சரளா உட்கார்ந்திருப்பாள். அதற்கு மேல் வார்த்தை நகராது.

புதன்கிழமை தெரியாத எண். “அம்மா, நான் எல்லை தாண்டிட்டேன்.” அழுகை. சரளா போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். “அனந்து எங்க மக்கா? அவன்கிட்ட குடு.”

எல்லைக்குப் போகும் பேருந்தை நோக்கி நடந்திருக்கிறார்கள். அனந்து அவளுக்குப் பின்னால். குண்டு விழுந்தது. அவள் எழுந்தாள். அவன் எழவில்லை.

ஜெபா வீடு வந்தாள். சபையில் நன்றி சொல்ல ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். தப்பி வந்தவர் வீட்டார் மைக்கில் சாட்சி சொல்ல வேண்டும். எங்கள் கோயில் ஒலிபெருக்கி சரளா வீட்டைப் பார்த்து இருக்கிறது. கர்த்தர் என் மகளைக் காத்தார் என்று நான் சொன்னால் அது அவள் வீட்டுக்குள் போகும். எழுந்தேன்.

“ஜெபா வந்தாள். அனந்து வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. இயேசு உயிர்த்த பிறகும் அவர் கைகளில் ஆணிக்காயம் இருந்தது. காயமில்லாத கையை நான் இப்போது நம்ப மாட்டேன். அந்தக் கையில்தான் அனந்து இருக்கிறான் என்று நம்புகிறேன்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. மேரி மட்டும் விம்மினாள்.

வீட்டுக்குத் திரும்பினால் வாசல் கேட்டில் சரளா.

“அக்கா, மைக்கில அவனுக்க பேரு கேட்டுது.”

“மனசுக்கு வெஷமமாயிட்டா மக்கா?”

“இல்ல. இன்னொருக்கா சொல்லியிருக்கலாம்.”

இழந்தவை: ஜெபாவின் இடது காதுக்கு இனிக் கேட்காது. அவள் படிப்பு பாதியில் நின்றது. சரளாவுக்கு இருந்தது ஒரே பிள்ளை. அனந்து. எங்கள் தெருவிலிருந்து இருவர் போனார்கள், ஒருத்தி வந்தாள். இறந்தவர்களுக்காக எங்கள் சபையில் ஜெபிப்பதில்லை. நான் ஜெபத்தில் இரண்டு பெயரையும் சொல்கிறேன்.